அனைவருக்கும் மருத்துவம்: தடுப்பது எதிர்க்கட்சியா, சொந்தக் கட்சியா?

காரைக்குடி வாசகன்:

காப்பீட்டு அட்டை பற்றிய பழைய இழையில் பலரும் ஒரே முடிவுக்கு வந்திருந்தீர்கள். எல்லாருக்கும் இலவச மருத்துவம் என்று ஓர் ஆட்சி கொண்டுவந்தால் எதிர்க்கட்சி விடாது, தனியார் மருத்துவமனைகள் விடாது, ஆகவே நடக்காத காரியம் என்று. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. எதிர்க்கட்சி தடுத்து நின்றுபோனதைவிட, ஆளும் கட்சிக்குள்ளேயே இரண்டு மனம் இருந்ததால் நின்றுபோனதுதான் அதிகம். அதைத் தனியாகப் பேசலாம் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன்.

பக்கத்து ஊர் விஷயத்திலிருந்தே வருகிறேன். காங்கிரஸின் 2019 தேர்தல் அறிக்கைக் குழுவுக்கும் 2024 அறிக்கைக் குழுவுக்கும் தலைவர் ஒருவரே, கண்டனூர்க்காரரான ப. சிதம்பரம். 2019 அறிக்கை என்ன சொன்னது? அனைவருக்கும் மருத்துவம் தர காப்பீட்டு முறை ஏற்ற வழி இல்லை, அரசு மருத்துவமனை வழியாக இலவசமாகத் தருவோம், அதை உரிமையாக்கச் சட்டம் கொண்டுவருவோம் என்றது. 2024 அறிக்கை ராஜஸ்தான் மாதிரியில் 25 லட்சம் ரூபாய் வரை காப்பீடு என்றது. அரசு மருத்துவமனையில் இலவசம் என்பதும் கூடவே இருந்தது, ஆனாலும் எடுப்பாக நின்றது அந்த 25 லட்சம்தான்.

இதைத் தனிமனிதர் மேல் குறையாகச் சொல்லவில்லை. அந்த நேரத்தில் கட்சிக்குள் யார் கை ஓங்கியிருக்கிறதோ அதைத்தான் அறிக்கைக் குழு எழுத முடியும். இந்த இழுபறி அந்தக் கட்சியில் 2019-க்கு ரொம்ப முன்பே உண்டு. ஆந்திராவில் காங்கிரஸ் முதல்வர் ராஜசேகர ரெட்டி 2007-இல் ஆரோக்கியஸ்ரீ கொண்டுவந்தார். ஏழைக்குக் கார்டு, தனியார் மருத்துவமனையிலும் அறுவை சிகிச்சை, பணம் அரசு கட்டும். 2010-இல் அதே கட்சியின் மத்திய ஆட்சியில் திட்டக் குழு டாக்டர் ஸ்ரீநாத் ரெட்டி தலைமையில் நிபுணர் குழு போட்டது. 2011-இல் வந்த அந்த அறிக்கை வேறு திசையில் போனது: வரிப்பணத்தில் நடத்துங்கள், நடுவில் காப்பீட்டு நிறுவனம் வேண்டாம், நோயாளியிடம் கட்டணம் வாங்காதீர்கள், மருந்து இலவசமாகக் கொடுங்கள். பிறகு 12-ஆவது ஐந்தாண்டுத் திட்டத்துக்கு, தனியார் மருத்துவமனைகளையும் சேர்த்துக்கொள்ளும் மருத்துவ அத்தியாய வரைவு வந்தபோது அதை எதிர்த்தவர்களில் சொந்த ஆட்சியின் சுகாதார அமைச்சகமும் ஒன்று.

2004-இல் காங்கிரஸ் தலைமையிலான கூட்டணி கொடுத்த வாக்கு, மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2 முதல் 3 சதவீதத்தை அரசு மருத்துவத்துக்குச் செலவழிக்கும் என்பது. 2013-14 கணக்கில் அது 1.15 சதவீதம். பத்து வருட ஆட்சி அது. எதிர்க்கட்சி என்ன தடுத்தது?

பள்ளத்தூர் பார்வை:

வாசகன், காங்கிரஸை மட்டும் பிடித்துக்கொண்டால் எப்படி? 2017 தேசிய சுகாதாரக் கொள்கை பாஜக ஆட்சியில் வந்தது. 2025-க்குள் 2.5 சதவீதம் என்று அதிலேயே எழுதினார்கள். எட்டவில்லை. எல்லாக் கட்சிக்கும் இது பொருந்தும்.

இன்னொன்று. தமிழ்நாட்டில் எதிர்க்கட்சிப் போட்டிதான் மருத்துவத்தை வளர்த்தது. 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2011-இல் ஆட்சி மாறியதும் அதை நிறுத்தினார்கள், ஆனால் 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடு என்று இன்னும் பெரிதாகக் கொண்டுவந்தார்கள். மறுபடி ஆட்சி மாறியது, அது நிற்கவில்லை. ஒரு கட்சி கொடுத்ததை இன்னொரு கட்சி பிடுங்கத் துணியாத ஊர் இது. உட்கட்சிச் சண்டையை இவ்வளவு பெரிதாக்க வேண்டுமா?

தேவகோட்டை நியூஜெர்சி:

உட்கட்சிச் சண்டை எவ்வளவு பெரியது என்பதற்கு நான் இருக்கும் நாட்டைவிட நல்ல சாட்சி கிடைக்காது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒபாமாவின் மருத்துவச் சட்டம் 2010 மார்ச்சில் கீழவையில் 219-க்கு 212 என்று நூலிழையில் தப்பியது. குடியரசுக் கட்சியிலிருந்து ஒரு வாக்குகூட இல்லை, அது எல்லாருக்கும் தெரியும். எதிர்த்து வாக்களித்தவர்களில் 34 பேர் ஒபாமாவின் சொந்த ஜனநாயகக் கட்சிக்காரர்கள், அதை இங்கேயே பலர் மறந்துவிட்டார்கள். தனியார் காப்பீட்டுக்குப் போட்டியாக அரசே ஒரு காப்பீடு நடத்தலாம் என்ற பகுதியும் முதலில் பேச்சில் இருந்தது. மேலவையில் விவாதத்தை முடித்து மசோதாவை வாக்கெடுப்புக்குக் கொண்டுவரவே 60 வாக்கு வேண்டும். ஜனநாயகக் கட்சி அணியோடு உட்கார்ந்திருந்த ஜோ லீபர்மன் மாட்டேன் என்றார். அவருடைய கனெக்டிகட் மாநிலம் காப்பீட்டு நிறுவனங்களின் தலைமையிடம். அந்தப் பகுதியை எடுத்துவிட்டுத்தான் சட்டத்தை நிறைவேற்றினார்கள்.

வெர்மான்ட் கதை இன்னும் தெளிவானது. 2011-இல் ஒரே அரசுக் காப்பீட்டில் எல்லாரையும் கொண்டுவரும் சட்டத்தையே நிறைவேற்றினார்கள். ஆளுநர் பீட்டர் ஷம்லின் அதைச் சொல்லித்தான் ஜெயித்தார். சட்டமன்றமும் அவர் கட்சியின் கையில். 2014 டிசம்பரில் அவரே வந்து இப்போதைக்கு முடியாது என்றார். முதலாளிகள் சம்பளப் பட்டியலில் 11.5 சதவீதம் வரி கட்ட வேண்டும், தனிநபர்கள் வருமானத்தில் 9.5 சதவீதம் வரை கட்ட வேண்டும் என்று கணக்கு வந்தது. அந்தக் கணக்கைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் போக அவருக்குத் தைரியம் வரவில்லை. கலிபோர்னியாவில் 2022 ஜனவரியில் இதே மாதிரி மசோதா ஏ.பி. 1400, வாக்கெடுப்புக்கே வராமல் போனது. கொண்டுவந்த ஆஷ் கால்ராவே வாக்கு போதாது என்று எடுக்காமல் விட்டார். அங்கே ஜனநாயகக் கட்சிக்கு மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் இடம் இருந்தது!

இப்போது எனக்கு முக்கியமாகப் படுவது. 2020-இல் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் தேர்வில் பெர்னி சாண்டர்ஸ், முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரை எல்லாருக்கும் தருவேன் என்று நின்றபோது, நெவாடாவில் ஓட்டல் தொழிலாளர்களின் கலினரி யூனியன் அந்தத் திட்டத்துக்கு எதிராக நின்றது. பணக்காரச் சங்கம் இல்லை அது. அறை துடைப்பவர்கள், சமையல்காரர்கள். வேலைநிறுத்தம் செய்து, சம்பள உயர்வை விட்டுக்கொடுத்து, நல்ல மருத்துவக் காப்பீட்டைச் சேர்த்து வைத்திருந்தார்கள். அதை எடுத்துவிட்டு, இதைவிட நல்லது பிறகு வரும் என்றால் எப்படி நம்புவது? அந்தப் பயம் நியாயமானது. ஆனால் அந்தச் சங்கத்தின் தொழிலாளர்கள் பலரே கட்சியின் வாக்கெடுப்புக் கூட்டத்தில் சாண்டர்ஸ் பக்கம் நின்றார்கள், நெவாடாவில் அவரே ஜெயித்தார். சொந்தக்காரர்களில் பாதிப் பேருக்கு அந்த அட்டை இல்லை என்பது தொழிலாளிக்குத் தெரியும். தலைவருக்கு அட்டையைக் காப்பாற்றுவது பொறுப்பு. ஒரே சங்கத்துக்குள் இரண்டு நியாயம்.

கோட்டையூர் மருமகள்:

அமெரிக்கா வரை போக வேண்டாம் அண்ணே, எங்கள் தெருவுக்கு வாருங்கள்.

எங்கள் வீட்டுக்கு எதிரே ஓர் ஆச்சி இருக்கிறார்கள். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி எல்லாம் சேர்ந்து முன் தெருவில் தொடங்கிப் பின் தெருவில் முடிகிற வீடு. தேக்கு மரத் தூண், ஆத்தங்குடிக் கல், எல்லாம் உண்டு. பல புள்ளிகளுக்கு, அதாவது பல பங்காளிக் குடும்பங்களுக்குப் பொதுவான வீடு, ஆகையால் விற்கவும் முடியாது, வாடகைக்கு விடவும் முடியாது. மற்றப் பங்காளிகள் அறையைப் பூட்டிவிட்டுச் சென்னையிலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள். ஆச்சி ஓர் அறையில் படுத்து, அதற்கு முன்னால் உள்ள தாழ்வாரத்தில் ஸ்டவ் வைத்துச் சமைக்கிறார்கள். கையில் வருகிற பணம் ஒரு சொற்ப வட்டி.

காப்பீட்டு அட்டைக்கு வருமானம் வருடத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள் என்று சான்று வேண்டும். ஆச்சியின் வருமானம் அதற்குள்தான். ஆனால் சான்றுக்கு எழுதிக் கொடுத்தபோது விசாரிக்க வந்தவர் வாசல்படியில் நின்று நிலைக்கதவை அண்ணாந்து பார்த்துவிட்டு, இந்த வீட்டுக்கு எப்படி எழுதுவது என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அவர் மேல் கோபம் இல்லை. பார்ப்பவர் கண்ணுக்கு அது அரண்மனைதானே. ஆச்சிக்குத்தான் அவமானமாகப் போய்விட்டது. மறுபடி கேட்கவே மாட்டேன் என்கிறார்கள். வீட்டைக் காட்டி ஏழை என்று சொல்ல வாய் வருமா?

ஏழைகளுக்கு மட்டும் என்று கோடு போட்டால் கோட்டுக்கு வெளியே நிற்பவர்கள் எல்லாரும் வசதியானவர்கள் என்று ஆகிவிடாது. எந்தக் கட்சியானாலும் சரி, இதை யாராவது உள்ளே பேசுகிறார்களா என்பதுதான் என் கேள்வி.

ஓய்வுபெற்ற அரசு மருத்துவர்:

அம்மா சொன்னதைப் படித்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். நான் இந்த மாவட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பிறகு பெரிய மருத்துவமனையிலும் வேலை பார்த்தவன். கட்சி எதிலும் இல்லை.

எல்லாக் கட்சிக்குள்ளும் உள்ள சண்டை ஒன்றுதான். பணத்தை நோயாளி பின்னால் அனுப்புவதா, மருத்துவமனைக்குள் போடுவதா? முதல் வழி காப்பீடு. இரண்டாவது வழி அரசு மருத்துவமனை, மருந்து, ஆள். கேட்க இரண்டும் ஒன்று போலத் தோன்றும். சர்க்கரை நோயாளி ஒருவரை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். தினமும் போட வேண்டிய மாத்திரைக்குக் காப்பீட்டில் பணம் வராது, படுக்கையில் சேர்ந்தால்தான் வரும். மாத்திரை போடாமல் விட்டு, பத்து வருடம் கழித்துச் சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸுக்கு வந்தால் அப்போது காப்பீடு வரும். அதாவது நோய் முற்றும் வரை அட்டை பீரோவில் கிடக்கும். சாதாரணக் குடும்பத்தின் கையைக் கடிப்பது வெளிநோயாளிச் செலவும் மருந்துச் செலவும்தான். 2021-22 தேசியக் கணக்குப்படி நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 39.4 சதவீதம் மக்கள் நேரடியாகக் கையிலிருந்து கொடுத்தது. முன்பு இன்னும் அதிகம், 2013-14-இல் 64.2 சதவீதம். குறைந்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நூறு ரூபாயில் நாற்பது ரூபாயை நோயாளியே கொடுக்கிற நாட்டில் அனைவருக்கும் மருத்துவம் வந்துவிட்டது என்று பேச முடியாது.

பள்ளத்தூர் தம்பி சொன்ன போட்டி அரசியல் உண்மை. ஆனால் போட்டியில் எது வளர்கிறது என்று பாருங்கள். 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கினார்கள். மருந்தை மொத்தமாக டெண்டரில் வாங்கி, தரம் பரிசோதித்து, மாவட்டக் கிடங்கிலிருந்து எல்லா அரசு மருத்துவமனைக்கும் கொடுக்கிற நிறுவனம். சாயல்குடியிலும் சிங்கம்புணரியிலும் அரசு மருத்துவமனையில் மாத்திரை கிடைப்பதற்கு அதுதான் காரணம். பிற மாநிலங்கள் வந்து பார்த்துவிட்டுப் போய் அதே மாதிரி தொடங்கின. அதில் எந்தத் தலைவர் படமும் கிடையாது. அதனாலேயே எந்த ஆட்சி மாறியும் அது நின்றது என்று நினைக்கிறேன். ஆனால் படம் இல்லாத திட்டத்துக்குக் கட்சிக்குள் வாதாட ஆளும் இருக்காது. பட்ஜெட் கூட்டத்தில் கிடங்குக்குப் பணம் கேட்பவரைவிட அட்டைக்குப் பணம் கேட்பவரின் குரல்தான் எடுபடும்.

இன்னொரு தரப்பையும் சொல்ல வேண்டும். கட்சிகளில் மருத்துவ அணி இருக்கிறது. அதில் சொந்தமாக நர்சிங் ஹோம் நடத்துபவர்கள் உண்டு. காப்பீட்டுப் பணம் வந்தால்தான் மாதச் சம்பளம் போட முடியும் என்ற நிலையில் இருப்பவர்கள் அவர்கள். கெட்டவர்கள் இல்லை. ஆனால் தலைவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் டாக்டர் பெரும்பாலும் அவர்தான். கிராம செவிலியர் அங்கே உட்கார்ந்திருக்க மாட்டார்.

பள்ளத்தூர் பார்வை:

ஐயா, அரசு மருத்துவமனைக்கும் காப்பீட்டிலிருந்து பணம் வருகிறதே? அதில் கருவி வாங்கியிருக்கிறார்கள், கட்டடம் சரிசெய்திருக்கிறார்கள். இரண்டையும் எதிரி போல நிறுத்துவது சரியா?

ஓய்வுபெற்ற அரசு மருத்துவர்:

வருகிறது. நானே அந்தப் பணத்தில் வாங்கிய கருவியில் வேலை பார்த்திருக்கிறேன். காப்பீட்டை ஒழிக்கச் சொல்லவில்லை. நூறு ரூபாய் கூடுதலாகக் கிடைத்தால் முதலில் எங்கே போட வேண்டும் என்பதுதான் சண்டை. காரைக்குடியில் ஒருவருக்குப் பக்கவாதம் வருகிறது என்று வையுங்கள். நாலரை மணி நேரத்துக்குள் ஸ்கேன் எடுத்து, மூளையில் அடைத்த ரத்தக் கட்டைக் கரைக்கும் ஊசி போட வேண்டும். மதுரை தொண்ணூறு கிலோமீட்டர் சுமார். வீட்டில் புரிந்துகொள்ள ஒரு மணி நேரம், வண்டி பிடிக்க அரை மணி நேரம், போய்ச் சேர இரண்டு மணி நேரம். ஸ்கேனுக்கும் ஊசிக்கும் மிஞ்சுவது ஒரு மணி நேரம்தான். பையில் 5 லட்சம் அட்டை இருந்து என்ன செய்ய? அந்த ஊசியும் அதைப் போடத் தெரிந்த ஆளும் இரவு இரண்டு மணிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

கல்லல் கிளைச் செயலாளர்:

எந்தக் கட்சி என்று சொல்ல மாட்டேன், எல்லாவற்றிலும் இதேதான். உள்ளே இருப்பவன் சொன்னால்தான் புரியும் என்று எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் ஆபரேஷன் என்றால் முதலில் என் கதவைத் தட்டுவார்கள். ரேஷன் கார்டு நகல், ஆதார், வி.ஏ.ஓ. சான்று எல்லாவற்றையும் ஒரு ஜவுளிக்கடைப் பையில் போட்டுக்கொண்டு நான் சிவகங்கை கலெக்டர் ஆபீசுக்குக் கூட்டிப்போவேன். காப்பீட்டுப் பிரிவில் குடும்பத்தோடு உட்காரவைத்து, படம் பிடித்து, நம்பர் வாங்கிக் கொடுப்பேன். ஆஸ்பத்திரியில் வெளி மருந்து என்று தனியாகப் பணம் கேட்டால் அங்கேயும் நான்தான் போய்ப் பேசுவேன். அந்தக் குடும்பம் என்னை மறக்காது. இதற்குக் கைநீட்டிக் காசு வாங்கியது கிடையாது, அது ஊருக்குத் தெரியும். ஆனால் வாக்கு கேட்கப் போகும்போது அந்த வாசலில் எனக்குத் தண்ணீர் கிடைக்கும். கட்சியில் எனக்கு மதிப்பு அதனால்தான்.

மருத்துவம் எல்லாருக்கும் உரிமை, யாரும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை என்று ஆகிவிட்டால் என் கதவை யார் தட்டுவார்கள்? மேல்மட்டத்தில் காப்பீடா, ஆஸ்பத்திரியா என்று பேசுகிறார்கள் என்கிறீர்கள். கீழ்மட்டத்தில் எங்களுக்கு அந்தக் கணக்கு தெரியாது. எங்களுக்குத் தெரிந்தது, அட்டை இருந்தால் நாங்கள் தேவை. ஒன்றியக் கூட்டத்தில் இதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். கஜானா தாங்காது என்பார்கள், மக்கள் மதிக்க மாட்டார்கள் என்பார்கள். நானும் அப்படிப் பேசியவன்தான்.

இப்போது என் மனம் மாறியது மாநில அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைப் பார்த்து. 2021 ஆகஸ்டில் வந்தது. எங்கள் ஊர் மகளிர் குழுவிலிருந்தே ஒரு பெண் வீடு வீடாக வருகிறார். திண்ணையில் உட்காரவைத்து, கையில் பட்டையைச் சுற்றிப் பிரஷர் பார்த்து, விரலில் குத்திச் சர்க்கரை பார்த்து, ஒரு மாதத்து மாத்திரையை எண்ணிக் கொடுத்துவிட்டு, சிவப்பு நோட்டில் எழுதிக்கொண்டு போகிறார். எந்தக் கட்சி வீடு என்று கேட்பதில்லை, வருமானச் சான்று கேட்பதில்லை. என்னையும் கேட்பதில்லை. முதலில் எனக்கு அது உறுத்தியது. பிறகு எங்கள் அப்பத்தாவே ஒழுங்காக மாத்திரை போடுவதைப் பார்த்தேன்.

நெறியாளர்:

கட்சிப் பெயர் சொல்லி வசைபாடிய இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். நடந்ததைச் சொல்லலாம், ஆளைத் திட்ட வேண்டாம்.

அரிமளம் கோலாலம்பூர்:

இங்கே மலேசியாவில் குடிமகன் அரசு கிளினிக்குக்குப் போனால் ஒரு ரிங்கிட் கட்டினால் போதும், மருந்தும் சேர்த்து. சிறப்பு மருத்துவர் என்றால் 5 ரிங்கிட். கூட்டம் அதிகம், வசதியானவர்கள் தனியாருக்குப் போய்விடுகிறார்கள், அந்தக் குறை இருக்கிறது. ஆனால் மந்திரியின் டிரைவரும் தோட்டத் தொழிலாளியும் ஒரே வரிசையில் உட்காருவார்கள்.

பணம் எங்கிருந்து வரும் என்று எல்லாரும் கேட்கிறீர்கள். நம் முன்னோர்கள் பர்மாவிலும் மலாயாவிலும் தொழில் செய்தபோது வியாபாரக் கணக்கிலேயே மகமை என்று ஒரு பங்கைத் தருமத்துக்கு எழுதிவைத்தார்கள். கோயிலும் சத்திரமும் பள்ளிக்கூடமும் அதில் நடந்தன. மீந்தால் கொடுக்கலாம் என்று விட்டிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. மருத்துவத்துக்கான பங்கையும் அப்படி முதலிலேயே எடுத்துவைக்க ஒரு நிதியமைச்சர் சம்மதிக்க வேண்டும். வெர்மான்ட் ஆளுநர் அந்த இடத்தில்தான் பின்வாங்கினார்.

சிவகங்கை ஆசிரியை:

நெவாடா சங்கத்தைப் பற்றிப் படித்தபோது எங்கள் சங்கம் நினைவுக்கு வந்தது. அரசு ஊழியர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் தனியாகப் புதிய மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது, மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். அதில் எங்களுக்கு ஆயிரம் குறை. முழுப் பணமும் வருவதில்லை, பாதியைக் கையிலிருந்து கட்டிவிட்டு அலைய வேண்டியிருக்கிறது. ஆனாலும் நாளைக்கே எல்லாரையும் ஒரே திட்டத்தில் சேர்க்கிறோம் என்று அரசு சொன்னால் முதல் ஆர்ப்பாட்டம் நாங்கள்தான் நடத்துவோம். கட்சிகளுக்கு அது தெரியும். தேர்தல் நேரத்தில் ஊழியர் சங்கத்தைப் பகைக்க எந்தத் தலைவரும் விரும்பமாட்டார்.

எங்கள் கூட்டத்தில் நான் ஒன்று கேட்டேன். நாம் தனி அட்டை வைத்திருப்பதால் அரசு மருத்துவமனைப் பக்கமே போவதில்லை. படித்த, எழுதத் தெரிந்த, கேள்வி கேட்கத் தெரிந்த லட்சக்கணக்கான பேர் போகாத இடம் எப்படிச் சரியாகும்? யாரும் பதில் சொல்லவில்லை. ஒருவர் மட்டும், நீங்கள் முதலில் போய்ச் சேருங்கள் டீச்சர் என்றார். போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன், இப்போது பிரஷர் மாத்திரைக்கு அங்கேதான் போகிறேன்.

காரைக்குடி வாசகன்:

கிளைச் செயலாளர் அண்ணனுக்கு நன்றி. இதை எந்தப் பத்திரிகையிலும் படிக்க முடியாது.

பிரிட்டன் கதையைச் சொல்லாமல் இந்த இழை முழுதாகாது. 1948 ஜூலை 5-இல் தேசிய சுகாதாரச் சேவை தொடங்கியது. மருத்துவர் சங்கம் எதிர்த்ததும், சிறப்பு மருத்துவர்களுக்குத் தனிப் பிராக்டிஸை விட்டுக்கொடுத்து அன்றைய தொழிற்கட்சி ஆட்சியின் சுகாதார அமைச்சர் அனூரின் பெவன் சமாளித்ததும் எல்லாருக்கும் தெரிந்தது. அதற்கு முன்பே அமைச்சரவைக்குள் சொந்தக் கட்சியின் ஹெர்பர்ட் மாரிசனோடு அவர் மோத வேண்டியிருந்தது. மாநகராட்சி மருத்துவமனைகளை மாநகராட்சியிடமே விடுங்கள் என்றார் மாரிசன். லண்டன் மாநகர ஆட்சியை நடத்தி வளர்ந்தவர் அவர், கையில் கட்டி வளர்த்ததைக் கொடுக்க மனம் வராது. பிரதமர் அட்லி பெவன் பக்கம் நின்றார், அதனால் நடந்தது.

1951-இல் கொரியப் போருக்கு ராணுவச் செலவு கூடியபோது நிதியமைச்சர் கெய்ட்ஸ்கெல் பல்செட்டுக்கும் கண்ணாடிக்கும் பாதிக் கட்டணம் போட்டார். அதே கட்சி, அதே ஆட்சி. பெவன் பதவி விலகினார், கூடவே பின்னாளில் பிரதமரான ஹெரால்டு வில்சனும். அந்த வருட அக்டோபரில் அவர்கள் தோற்றார்கள். ஆனால் பிறகு வந்த கன்சர்வேட்டிவ் ஆட்சியால் அந்தச் சேவையைக் கலைக்க முடியவில்லை. மக்கள் அதற்குள் அதை அனுபவித்துவிட்டார்கள். பள்ளத்தூர் சொன்னதும் இதுதான். கொடுத்த பிறகு எதிர்க்கட்சி பிடுங்கத் துணியாது. கொடுக்கும் வரைதான் சொந்தக் கட்சியின் தடை.

பள்ளத்தூர் பார்வை:

அப்படியானால் ராஜஸ்தான்? அங்கே காங்கிரஸ் ஆட்சியில் 2023 மார்ச்சில் சுகாதார உரிமைச் சட்டமே நிறைவேறியது. அவசர நேரத்தில் எந்த மருத்துவமனையும் முன்பணம் கேட்டுத் திருப்பி அனுப்பக் கூடாது என்றது. தனியார் மருத்துவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், ஏப்ரல் தொடக்கத்தில் அரசு உடன்பாடு போட்டுப் பல மருத்துவமனைகளுக்கு விலக்கு கொடுத்தது. டிசம்பரில் ஆட்சியே போனது. சட்டம் ஏட்டில் இருக்கிறது. கொடுத்த பிறகும் போகிறதே?

காரைக்குடி வாசகன்:

அங்கே சட்டம்தான் வந்தது, மக்கள் கைக்கு வருவதற்குள் ஆட்சி முடிந்துவிட்டது. ஐந்து வருட ஆட்சியில் கடைசி வருடத்தில் கொண்டுவந்தார்கள். முதல்வர் கெலாட்டும் அதே கட்சியின் சச்சின் பைலட்டும் வெளிப்படையாக மோதிக்கொண்டிருந்த ஆட்சி அது. தெருவில் டாக்டர்கள் உட்கார்ந்தபோது சட்டத்தைத் தூக்கிப்பிடிக்க ஒரே குரலில் பேசும் கட்சி அங்கே இல்லை. முதல் வருடத்திலேயே கொண்டுவந்து, விதிகளையும் எழுதி, நாலு வருடம் ஓட்டியிருந்தால் கதை வேறு. பெவன் ஆட்சிக்கு வந்த அடுத்த வருடமே சட்டத்தை முடித்தார்.

கோட்டையூர் மருமகள்:

எல்லாம் படித்தேன். எங்கள் ஆச்சிக்கு இப்போது என்ன வழி?

ஓய்வுபெற்ற அரசு மருத்துவர்:

அம்மா, 2024 அக்டோபரில் மத்திய அரசு ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் 70 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு வருமானம் பார்க்காமல் 5 லட்சம் காப்பீடு என்று அறிவித்துத் தொடங்கியது. ஆச்சிக்கு அந்த வயது ஆகியிருந்தால் ஆதாரை எடுத்துக்கொண்டு போய் சிவகங்கை காப்பீட்டுப் பிரிவில் அந்தப் பேரைச் சொல்லிக் கேளுங்கள். வருமானக் கோட்டை அரசு நினைத்தால் எடுக்க முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால் அதுவும் படுக்கையில் சேர்ந்தால்தான். மாத்திரைக்கும் பரிசோதனைக்கும் ஆச்சி பேரை உங்கள் பகுதிச் சுகாதாரத் தன்னார்வலரிடம், அதாவது மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாக வரும் பெண்ணிடம், இன்றே சொல்லுங்கள். அதற்குச் சான்று வேண்டாம்.

கல்லல் கிளைச் செயலாளர்:

அடுத்த ஒன்றியச் செயற்குழுவில் ஒரு தீர்மானம் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். அறுபது வயது தாண்டியவர்களுக்கு மாநிலக் காப்பீட்டில் வருமானச் சான்று கேட்கக் கூடாது, காரைக்குடியில் பக்கவாத ஊசி இருபத்து நாலு மணி நேரமும் இருக்க வேண்டும். இந்த இரண்டும் போதுமா? மூன்றுக்கு மேல் போனால் படிக்கவே மாட்டார்கள். டாக்டர் ஐயா வாசகத்தைத் திருத்திக் கொடுத்தால் நன்றாக இருக்கும்.

ஓய்வுபெற்ற அரசு மருத்துவர்:

ஊசி என்று மட்டும் எழுதாதீர்கள் தம்பி. மருந்து இருக்கிறது என்று பெட்டியைக் காட்டிவிடுவார்கள். "இரவிலும் ஸ்கேன் எடுக்க ஆளும், அதைப் படித்து ஊசி போட மருத்துவரும்" என்று சேருங்கள். மூன்றாவதாக, சுகாதாரத் தன்னார்வலர்களை நிரந்தரப் பணியில் எடுக்க வேண்டும் என்று வையுங்கள். உங்கள் கூட்டத்தில் சண்டை வருவது அதில்தான், ஆள் நியமனம் யார் கையில் என்று கேட்பார்கள். அதற்கும் பதிலை எழுதிக்கொண்டு போங்கள்: தேர்வாணையம் வழியாக.

கல்லல் கிளைச் செயலாளர்:

தேர்வாணையம் என்றால் எங்கள் ஒன்றியத்திலேயே பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள் ஐயா. பரவாயில்லை, அப்படியே எழுதுகிறேன். என்ன நடந்தது என்று வந்து சொல்கிறேன்.